தானே கொதிக்கும் பாத்திரம்



சில வாரங்களுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி ஒன்று கொடுத்தேன். தலைப்பு, 'காலையில் எங்கள் வீடு'. எல்லாரும் எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் ஒரு வாக்கியத்தை இப்படி எழுதியிருந்தான்: 'நான் எழுந்து முகம் கழுவி வரும்போது தேநீர் தானாகவே மேசையில் இருக்கும்.'

எழுத்துப் பிழை இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் சிவப்பு மையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் 'தானாகவே' என்ற சொல்லிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். தேநீர் எப்படித் தானாக வரும்? எனக்கு உடனே வேறொரு நாட்டின் சொல் நினைவுக்கு வந்தது. 'தானே கொதிப்பது' என்று ஒரு பாத்திரத்துக்கே பெயர் வைத்த நாடு ஒன்று உண்டு. அது ருஷ்யா. அந்தப் பாத்திரத்தின் பெயர் சமோவார். இன்றைய பேச்சு அந்தச் சொல்லைப் பற்றியதுதான்.

தோட்டத்தில் இருக்கும் நமக்கு ருஷ்யச் சொல் எதற்கு என்று சிலர் எண்ணலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். அது தேத்தண்ணி போடும் பாத்திரம். தேத்தண்ணிக்கும் நமக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாததா?

முதலில் அந்தப் பாத்திரம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய பித்தளைக் குடத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவிலே, அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஓர் உலோகக் குழாய் நிமிர்ந்து நிற்கிறது. குழாய்க்கு உள்ளே நெருப்பு. குழாயைச் சுற்றிலும் தண்ணீர். குடத்தின் கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் பிடிக்க ஒரு சிறு திருகுகுழாய். அடியிலே சாம்பல் விழவும் காற்றுப் புகவும் துளைகள். உச்சியிலே ஒரு வளையம்; அதன்மேல் சிறிய தேநீர்ச் சாடி ஒன்று உட்கார்ந்திருக்கும். இவ்வளவுதான் சமோவார்.

நம் அடுப்பில் நெருப்புக் கீழே எரிகிறது, பானை மேலே இருக்கிறது. சூட்டில் பாதி பக்கவாட்டில் போய் வீணாகிறது. சமோவாரில் நெருப்பு தண்ணீரின் நடுவிலேயே இருக்கிறது. ஆகவே சூடு எந்தப் பக்கம் போனாலும் தண்ணீரைத் தொட்டுத்தான் போக வேண்டும். குழாயில் உள்ள சூடான காற்று மேலே எழும். அது எழ எழ, அடியில் உள்ள துளைகள் வழியே புதுக் காற்று உள்ளே இழுக்கப்படும். மரக்கரி, விறகுச் சிம்பு, பைன் மரத்தின் காய்ந்த காய்கள் ஆகியவற்றைப் போட்டு எரிப்பார்கள். சிறிது விறகில் நிறையத் தண்ணீர் கொதித்துவிடும். பனி நாட்டிலே விறகும் சூடும் எவ்வளவு அருமையானவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

நெருப்பு மந்தமாக இருந்தால் என்ன செய்வார்கள்? நம் பாட்டிமார் ஊதாங்குழலை எடுப்பார்கள். ருஷ்யக் கிராமத்தார் தங்கள் நீண்ட தோல் காலணியைக் கழற்றி, குழாயின் வாயில் கவிழ்த்து, துருத்தி போல அமுக்கி அமுக்கி எடுப்பார்கள். இன்னொரு விதியும் உண்டு. முதலில் தண்ணீர், பிறகுதான் நெருப்பு. வெறும் பாத்திரத்தில் நெருப்பு மூட்டினால் ஈயப்பற்று உருகி, மூட்டு விட்டு, பாத்திரமே பாழாகிவிடும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். சமோவார் என்பது இரண்டு துண்டுகளால் ஆன சொல். 'சமோ' என்றால் தான், தானே. 'வார்' என்பது 'வரீத்' என்ற வினையிலிருந்து வந்தது. வேகவைத்தல், கொதிக்கவைத்தல் என்று அதற்குப் பொருள். இரண்டையும் சேர்த்தால் 'தானே கொதிக்கவைப்பது'. எழுதும்போது 'சமோ' என்று எழுதினாலும், ருஷ்யர் வாயில் அது ஏறத்தாழ 'சமவார்' என்றுதான் ஒலிக்கும். அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் நடுவில் உள்ள ஓகாரம் தேய்ந்துபோகிறது.

'சமோ' என்ற இந்த முன் துண்டு ருஷ்ய மொழியில் பல வேலை செய்கிறது. 'சமோல்யோத்' என்றால் தானே பறப்பது. அதுதான் ஆகாய விமானம். விமானம் வருவதற்கு முன்பே அவர்களுடைய பழங்கதைகளில் பறக்கும் கம்பளத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. 'சமோகாத்' என்றால் தானே உருள்வது. சிறுவர்கள் ஒரு காலால் உந்தி ஓட்டும் உருளை வண்டி. 'சமோஸ்வால்' என்றால் தானே கொட்டுவது; செம்பனைக் குலைகளை ஏற்றிவந்து ஆலையில் சாய்த்துக் கொட்டுகிறதே டிப்பர் லோரி, அதுதான். நம் தமிழறிஞர்களும் மோட்டார் காருக்குத் தானுந்து என்று பெயர் அமைத்தார்கள் அல்லவா? தானே உந்திச் செல்வது தானுந்து. இரண்டு மொழியும் ஒரே வழியில் சிந்தித்திருக்கின்றன.

பின் துண்டான 'வார்' என்பதற்கும் பெரிய குடும்பம் உண்டு. சமையற்காரருக்கு 'போவர்' என்று பெயர். பழத்தைச் சர்க்கரையில் இட்டுக் காய்ச்சிய இனிப்புக்கு 'வரேன்யே' என்று பெயர். தேயிலையைக் கொதிநீரில் ஊறவைத்து எடுக்கும் கெட்டியான சாற்றுக்கு 'ஸவார்க்கா' என்று பெயர். எல்லாம் ஒரே அடுப்பங்கரையில் பிறந்த பிள்ளைகள்.

இந்தச் சொல் தாத்தார் மொழியிலிருந்து ருஷ்யாவுக்கு வந்தது என்று முன்பு சிலர் சொன்னதுண்டு. தாத்தார் மொழியிலும் இதுபோல் ஒலிக்கும் ஒரு சொல் இருப்பதே காரணம். மொழி நூலார் அதை ஏற்கவில்லை. ருஷ்யாவிலிருந்துதான் அங்கே போயிற்று என்பது அவர்கள் முடிவு. பிள்ளைகளே, இதிலே ஒரு பாடம் இருக்கிறது. இரண்டு சொற்கள் ஒலியில் ஒத்திருப்பதை வைத்து மட்டும் உறவு சொல்லிவிடக் கூடாது. சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதன் உறவுச் சொற்கள் எந்த மொழியில் நிறைய இருக்கின்றன என்று தேட வேண்டும்.

பாத்திரத்தின் கதை தேயிலையின் கதையோடு பின்னியது. 1638ஆம் ஆண்டு வசீலி ஸ்தார்க்கொவ் என்ற தூதர் மங்கோலிய அரசர் ஒருவரிடமிருந்து ருஷ்ய மன்னருக்குக் காணிக்கையாகத் தேயிலை கொண்டுவந்தார். 1727ஆம் ஆண்டு ருஷ்யாவும் சீனாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்பின் எல்லையில் உள்ள கியாக்தா என்னும் ஊர் தேயிலைச் சந்தையாக வளர்ந்தது. அங்கிருந்து ஒட்டகங்களிலும் வண்டிகளிலும் பனிச்சறுக்கு வண்டிகளிலும் பல மாதப் பயணம் செய்து தேயிலை மாஸ்கோவை அடையும். அதனால் முதலில் அது பணக்காரர்களின் பானம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் மெல்ல மெல்ல எல்லா வீட்டுக்கும் வந்தது.

தரை வழியாகப் போன தேயிலைக்கு ருஷ்யர்கள் 'சாய்' என்று பெயர் சொன்னார்கள். 'சா' என்பது சீனாவின் பெரும்பகுதியில் வழங்கும் பெயர். ஆனால் தென்சீனக் கடற்கரையில், ஹொக்கியன் பேசும் மக்கள் அதைத் 'தே' என்பார்கள். அங்கே கப்பலில் ஏற்றிய டச்சு வணிகர்கள் 'தே'யைக் கொண்டுபோனார்கள். ஆங்கிலத்தின் 'டீ'யும் மலாய் மொழியின் 'தே'யும் அந்த வழியில் வந்தவை. நம் தேயிலை என்பது 'தே'யின் இலை. தேத்தண்ணி என்பது 'தே'யின் தண்ணீர். நம் பிள்ளைகள் சிலர் பட்டணத்துக்குப் போனால் தேத்தண்ணி என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட என்ன இருக்கிறது? ஒரு கடற்கரையின் பெயரையும் ஒரு தமிழ்ச் சொல்லையும் சேர்த்து நம் முன்னோர் செய்த நல்ல கூட்டுச்சொல் அது.

சமோவாருக்குத் திரும்புவோம். தேயிலை பரவுவதற்கு முன்னே ருஷ்யர்கள் தேனும் மூலிகையும் சேர்த்துக் காய்ச்சிய 'ஸ்பீத்தென்' என்ற பானத்தைக் குடித்து வந்தார்கள். அதைத் தெருவில் விற்றவர்கள், நடுவில் கரித்துண்டு போடும் குழாய் வைத்த பாத்திரத்தைப் பயன்படுத்தினார்கள். 1740ஆம் ஆண்டின் சுங்கக் கணக்கு ஒன்றிலே, ஊரால் மலைப் பகுதியில் பிடிபட்ட சரக்குகளுக்கு நடுவே, ஈயம் பூசிய செப்புச் சமோவார் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் சமோவார் என்றால் ருஷ்யர்களுக்கு நினைவு வரும் ஊர் தூலா. மாஸ்கோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1712ஆம் ஆண்டு பேரரசர் பீட்டர் அங்கே துப்பாக்கித் தொழிற்சாலை அமைத்தார். அதனால் உலோக வேலை தெரிந்த குடும்பங்கள் அந்த ஊரில் நிறைய இருந்தன. அப்படிப்பட்ட குடும்பத்தில் வந்த லிசித்சின் சகோதரர்கள் 1778ஆம் ஆண்டு அங்கே சமோவார் பட்டறை நடத்தினார்கள். 1850ஆம் ஆண்டளவில் தூலாவில் 28 பட்டறைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,20,000 சமோவார்களைச் செய்து அனுப்பின. 1990ஆம் ஆண்டு அந்த ஊரில் சமோவாருக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள்.

அந்த ஊரை வைத்து ருஷ்ய மொழியில் ஒரு பழமொழி உண்டு. 'தூலாவுக்குப் போகிறவன் தன் சமோவாரைத் தூக்கிக்கொண்டு போகமாட்டான்' என்பார்கள். நம் பெரியவர்கள் 'கொல்லன் தெருவிலே ஊசி விற்கலாமா?' என்று கேட்பார்களே, அதே கருத்துத்தான்.

இந்தச் சொல்லை அவர்கள் எப்படி வழங்குகிறார்கள் என்று பாருங்கள். தேநீர் போடு என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'சமோவாரை வை' என்பார்கள். நாமும் சோறாக்கு என்பதற்கு 'உலை வை' என்கிறோம். வைப்பது என்னவோ பாத்திரத்தை. சொல்ல வருவதோ சமையல் முழுவதையும். விருந்தாளி வாசலில் தெரிந்ததும் அங்கே சமோவாரை வைப்பார்கள். தண்ணீர் சூடாகும்போது முதலில் மெல்லிய ஓசை கிளம்பும். அப்போது 'சமோவார் பாடுகிறது' என்பார்கள். பிறகு இரைச்சல் கூடும். கடைசியில் கொந்தளிக்கும். ஓசையைக் கேட்டே தேநீர் போடும் பதம் பார்ப்பார்கள்.

உச்சியில் இருக்கும் சிறு சாடியில் கெட்டியான தேயிலைச் சாறு தயாராக இருக்கும். அதில் கொஞ்சம் கோப்பையில் ஊற்றி, குழாயைத் திருகிக் கொதிநீர் கலந்து குடிப்பார்கள். கெட்டியாக வேண்டுபவர்க்குக் கெட்டியாக, இளசாக வேண்டுபவர்க்கு இளசாக, ஒரே மேசையில் எல்லாருக்கும் கிடைக்கும். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்சும் பழக்கமும் அங்கே உண்டு. இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களிலே நம்மவர்கள் உள்ளங்கையில் சர்க்கரையை வைத்து நக்கிக்கொண்டே வெறுந்தேநீர் குடிப்பார்கள். எவ்வளவு தொலைவில் எவ்வளவு ஒற்றுமை!

இந்தச் சொல் ருஷ்யாவோடு நின்றுவிடவில்லை. ஈரானில் 'சமாவர்' ஆயிற்று. துருக்கியில் 'செமாவேர்' ஆயிற்று. காஷ்மீரத்தில் செம்பில் செய்து, பூவேலை செதுக்கி, அங்கேயும் அதே பெயரில் வழங்குகிறார்கள். கேரளத்துச் சாயாக் கடைகளிலும் கரி போட்டு எரிக்கும் பித்தளைப் பாத்திரத்துக்குச் சமோவார் என்றே பெயர். அதன் உள்ளே ஒரு காசைப் போட்டு வைப்பார்கள். தண்ணீர் கொதித்தால் காசு கலகலவென்று ஆடும். கடைக்காரர் எழுந்து வருவார். தமிழ் படித்தவர்கள் பலர் இந்தச் சொல்லை முதலில் கண்டது புத்தகத்தில்தான். மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய ருஷ்யக் கதைகள் ஒரு காலத்தில் நூலகந்தோறும் இருந்தன. நானும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது, அட்டை கிழிந்த அத்தகைய கதைப் புத்தகம் ஒன்றில்தான் இந்தச் சொல்லைக் கண்டேன்.

நேயர்களே, இதுவரை சொல்லின் பொருளைச் சொன்னேன். இனி ஒரு கேள்வி கேட்கிறேன். சமோவார் உண்மையிலே தானே கொதிக்கிறதா?

வேறு அடுப்பு வேண்டாம் என்ற அளவிலே அந்தப் பெயர் சரிதான். அடுப்பைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கும் பாத்திரம் அது. ஆனால் மூன்று லிட்டரோ எட்டு லிட்டரோ தண்ணீரைக் கிணற்றிலிருந்து சுமந்துவந்து ஊற்றியது யார்? சிம்பு பிளந்தது யார்? விடியும் முன்னே குளிரில் எழுந்து நெருப்பு மூட்டியது யார்? மறுநாள் சாம்பல் அள்ளி, புளித்த பொருளைத் தேய்த்துப் பித்தளையைப் பளபளப்பாக்கியது யார்? சொல்லுக்குள் அவர்கள் யாருமே இல்லை. 'தானே' என்ற ஒரு துண்டு அவர்கள் எல்லாரையும் மறைத்துவிட்டது.

பாத்திரம் செய்தவர்களும் அப்படியே. ஒரு சமோவார் ஒருவர் கையில் பிறப்பதில்லை. தகட்டை வளைப்பவர் ஒருவர், உள்ளே ஈயம் பூசுபவர் ஒருவர், கடைசல் பிடிப்பவர் ஒருவர், குழாயும் கைப்பிடியும் செய்பவர் ஒருவர், எல்லாவற்றையும் பொருத்துபவர் ஒருவர், துலக்குபவர் ஒருவர். தூலாவைச் சுற்றியிருந்த சிற்றூர்களில் குடும்பம் குடும்பமாக வீட்டிலிருந்தே ஓர் உறுப்பைச் செய்து வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள்.

அந்தச் சாடிக்குள் இருக்கும் இலையைப் பறித்தவர்களை மட்டும் மறந்துவிடலாமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இலங்கைத் தேயிலையும் ருஷ்யாவுக்குக் கப்பலேறியது. அதைக் கொய்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன நம் இனத்துப் பெண்கள். பிற்காலத்தில், 1970களிலும் 1980களிலும், சோவியத் நாடு இந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கியது. நீலகிரித் தேயிலையும் அதிலே போயிற்று. 1991ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அந்தச் சந்தை ஆட்டம் கண்டு, நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள் வரை அடி விழுந்தது. மாஸ்கோவில் ஒரு வீட்டு மேசையில் 'தானே' வந்த தேநீருக்குப் பின்னால் எத்தனை கைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

ருஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ் இதை அறிந்தவர். 1888ஆம் ஆண்டு அவர் ஒரு சிறுகதை எழுதினார். 'தூக்கம் வருகிறது' என்பது தலைப்பின் பொருள். அதிலே வார்க்கா என்று 13 வயதுச் சிறுமி வருகிறாள். அவள் பெயருக்கும் 'வார்' என்ற சொல்லுக்கும் உறவில்லை. வர்வாரா என்ற பெயரின் செல்லச் சுருக்கம் அது. செருப்புத் தைக்கும் ஒருவர் வீட்டில் அவள் வேலைக்காரி. இரவெல்லாம் அழும் குழந்தைக்குத் தொட்டில் ஆட்ட வேண்டும். பொழுது விடிந்ததும் அடுப்பு மூட்டு, சமோவாரை வை, காலணியைத் துடை, படிக்கட்டைக் கழுவு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளை. மாலையில் விருந்தாளிகள் வருகிறார்கள். சமோவாரோ சிறியது. அவர்கள் குடித்து முடிப்பதற்குள் ஐந்து முறை அதைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. அவளுக்குக் கண் சொக்குகிறது, உறங்கத்தான் விடமாட்டார்கள். கதை பெருந்துயரத்தில் முடிகிறது. அந்த முடிவை இங்கே நான் சொல்லப்போவதில்லை. தானே கொதிக்கும் பாத்திரத்தை ஐந்து முறை கொதிக்கவைத்தது ஒரு குழந்தை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கதையைப் படித்த இரவு, பால்மரம் வெட்டிய என் அம்மாவை நினைத்து அழுதேன். விடியற்காலை நாலு மணிக்கு அவர் பால்மர விறகை ஊதுகிற ஓசையில்தான் நான் விழித்துக்கொள்வேன். ஆனால், நேயர்களே, அழுததனாலேயே எல்லாம் விளங்கிவிட்டது என்று எண்ணியது என் தவறு. எத்தனையோ ஆண்டுகள் கழித்து, ஆசிரியராக இருந்துகொண்டே, என் கண்முன் இருந்ததை நான் பார்க்கவில்லை.

என் பள்ளியில் ஆறாம் ஆண்டிலே ஒரு மாணவி இருந்தாள். நல்ல அறிவுள்ள பெண். ஆனால் முதல் பாடவேளையிலேயே தலை சாய்ந்துவிடும். இரண்டு முறை எச்சரித்தேன். மூன்றாம் முறை வகுப்பின் முன்னே நிற்கவைத்தேன். 'இரவெல்லாம் கைப்பேசியா?' என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தடுக்கவில்லை.

அந்தக் 'தானாகவே' என்ற வாக்கியத்தை எழுதிய பையன் இருக்கிறானே, அவன் அவளுடைய தம்பி. அன்று மாலை கட்டுரை ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். செம்பனைக் காட்டிலே மருந்து அடிக்கிற வேலை. பிள்ளை ஏன் தூங்கி விழுகிறாள் என்று கேட்டேன்.

'என்ன டீச்சர் செய்யிறது? அஞ்சு மணிக்கெல்லாம் நான் வேனுக்கு நிக்கணும். அவ நாலரைக்கே எழுந்து தண்ணி சுட வச்சி, எங்க ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி கலக்கி, சின்னவனுக்குப் பால் போட்டு, பெரிய தம்பிக்குப் பசியாற வச்சிட்டுத்தான் ஸ்கூலுக்கு வர்றா. ராத்திரியும் சின்னவன் அவகிட்டதான் படுப்பான். பொம்பளப் புள்ள, பழகட்டும்னு விட்டுட்டேன்,' என்றார்.

அந்த அம்மா மீது குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் ஏழு வயதில் அப்படியே பழகியவர். குற்றம் என்மீதும் உண்டு. நான் பையனின் ஏட்டைத் திறந்து அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன். அம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அடுப்பங்கரை வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். அப்பா வெளியே அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்திவிட்டு, 'என்னடா எழுதியிருக்க?' என்று மகனைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். 'அக்கா போடும்னு எழுதணுமா டீச்சர்?' என்றான்.

ஆமாம், அப்படித்தான் எழுத வேண்டும். மறுநாள் வகுப்பில் எல்லாருக்கும் அதையே சொன்னேன். 'தேநீர் இருக்கும்' என்று எழுதாதீர்கள். யார் போட்டார்கள் என்று எழுதுங்கள். செய்தவரைச் சொல்லாத வாக்கியம் இலக்கணத்தில் சரியாக இருக்கலாம். ஆனால் அந்த வேலைக்கு ஓர் ஆள் இருக்கிறார். ஆறாம் ஆண்டு வகுப்புக்கும் போய், பிள்ளைகள் எல்லார் முன்னிலும், நான் தவறாக நினைத்துவிட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். நிற்கவைத்தது எல்லார் முன்னிலும் அல்லவா?

அந்த வீட்டில் இப்போது சிறிய மாற்றம். அப்பா இரவு சாப்பாடு முடிந்ததும் கேத்தலில் தண்ணீர் நிரப்பி வைக்கிறார். காலையில் தேத்தண்ணி கலக்குவது தம்பியின் வேலை. பெரியவர்கள் யாராவது பக்கத்தில் நிற்கும்போது மட்டும் அடுப்பு. அக்காவுக்கு அரை மணி நேரம் கூடுதல் தூக்கம். சில நாள் இன்னும் அவள் வகுப்பில் கண் அயர்வதுண்டு. சின்னவன் இரவில் அழுகிறானாம். இப்போது நான் அவளை நிற்கவைப்பதில்லை. மதிய உணவு நேரத்தில் நூலக மேசையில் கொஞ்சம் படுக்கச் சொல்கிறேன்.

நேயர்களே, ருஷ்யர்கள் அந்தப் பாத்திரத்துக்கு வைத்த பெயரை நான் குறை சொல்லவில்லை. அழகான பெயர்தான். மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தானே கொதிப்பதாகத்தான் தெரியும். பெயர் வைப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ, அங்கிருந்துதான் சொல் பிறக்கிறது. நம் வீடுகளிலும் அப்படிப்பட்ட சொற்கள் இருக்கின்றன. 'சட்டை துவைத்து இருந்தது', 'சோறு ஆகியிருந்தது', 'வீடு சுத்தமாக இருந்தது' என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!

ஆகவே இந்த வாரம் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப் பாடம். உங்கள் வீட்டில் 'தானாக' நடக்கிற வேலைகள் ஐந்தை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்கிறவர் பெயரை எழுதுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஐந்தில் ஒன்றை எடுத்து உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, உங்கள் பையன் அந்தத் தாளோடு வந்து கேத்தலைக் கேட்டால், 'ஆம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?' என்று சொல்லிவிடாதீர்கள். வெந்நீர் கையில் படாமல் ஊற்றுவது எப்படி என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள்.

நாளைக் காலை தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுக்கும்போது அதைப் போட்டவர் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அவர் இரவு சரியாகத் தூங்கினாரா என்று கேளுங்கள்.